மெகாபிட் கணக்கும் மில்லி வினாடிக் கணக்கும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் காடாம்புலியூர் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் நிறைந்த பகுதி. சென்ற கோடையில் அங்கே என் தங்கை வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்த அவள் மகன், இரவு எட்டரை மணியானால் கைப்பேசியோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அது. நீங்கள் விளையாடியிராவிட்டாலும், அண்டை வீட்டுப் பிள்ளைகள் விளையாடப் பார்த்திருப்பீர்கள்.

"மாமா, நான்தான் முதலில் சுட்டேன். ஆனால் செத்தது நான். நெட் சரியில்லை" என்று முகத்தைச் சுளித்தான் பையன். திரையின் மூலையில் பிங் என்னும் எண் 40-இலிருந்து 400-க்குத் தாவிச் சிவந்து நின்றது.

இதற்கு ஒரு மாதம் முன்புதான் இணைப்புக் கொடுத்தவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். "40 மெகாபிட் திட்டம் போதாது, 100-க்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பது அவர் சொன்ன பரிகாரம். மாதம் இருநூற்றைம்பது ரூபாய் கூடுதலாகக் கட்டினார்கள். முந்திரிக்கொட்டை உடைத்து வாழும் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று. பணம் போயிற்று, பிங் இறங்கவில்லை.

இணைய வாணிபத்தில் இந்தப் பரிகாரம்தான் எங்கும் விற்கப்படுகிறது. விளம்பரப் பலகையில் பார்த்தாலும், தொலைக்காட்சியில் பார்த்தாலும், "மின்னல் வேகம்", "இடையறாத விளையாட்டு" என்ற சொற்களும், பக்கத்திலேயே ஒரு பெரிய மெகாபிட் எண்ணும் காணப்படும். அந்த எண்ணுக்கும் பையன் செத்ததற்கும் என்ன தொடர்பு என்பதை எவரும் சொல்வதில்லை. நாமாவது கணக்குப் போட்டுப் பார்ப்போமே!

பண்ருட்டியிலிருந்து கோயம்பேட்டுக்குப் பலாப்பழ லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் நூறு பழம் இருந்தாலும் ஐந்நூறு பழம் இருந்தாலும் அது சென்னை சேர ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. சாலையை இருவழியிலிருந்து நால்வழியாக்கினால் ஒரு நாளில் சென்று சேரும் பழங்களின் எண்ணிக்கை கூடும்; ஆனால் பண்ருட்டிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தொலைவு குறைந்துவிடாது. மெகாபிட் என்பது பழங்களின் எண்ணிக்கை. பிங் என்பது பயண நேரம். அதுவும் போய்த் திரும்பி வரும் நேரம்.

சரி, விளையாட்டுக்கு எத்தனை பழம் தேவை? சுடும் விளையாட்டில் உங்கள் கைப்பேசி அனுப்புவது படம் அல்ல. நான் இங்கே நிற்கிறேன், இந்தத் திசையில் பார்க்கிறேன், விசையை அழுத்திவிட்டேன் என்ற சிறு குறிப்புகளே. அத்தகைய குறிப்பு ஒன்றுக்கு 100 பைட் என்றும், வினாடிக்கு 60 குறிப்புகள் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 6,000 பைட். அதாவது 48,000 பிட். ஒரு மெகாபிட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை! சர்வரிலிருந்து திரும்பி வரும் செய்தி இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அப்படியானாலும் 40 மெகாபிட் இணைப்பில் அது ஒரு மூலைக்கும் போதாது. திரைப்படத்தைத் தரவிறக்க வேண்டுமானால் 100 மெகாபிட் உதவும். விளையாட்டுக்கு அதை மருந்தாகக் கொடுத்தது தவறான சிகிச்சை என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிங் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒலியலையை அனுப்பி, அது எதிரே உள்ள பொருளில் மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அறிவார்கள் அல்லவா? அந்த ஒலியின் பெயர் அது. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், கணினிக் கட்டமைப்பில் நேர்ந்த ஒரு கோளாற்றைக் கண்டறிய இதே முறையில் ஒரு சிறு நிரலை எழுதி, அதே பெயரைச் சூட்டினார். "இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு பொட்டலம் ஒன்று போகிறது, "இருக்கிறேன்" என்ற பதில் வருகிறது, இடையில் கழிந்த மில்லி வினாடிகள் அச்சாகின்றன. மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இனி, தொலைவுக்கு வருவோம். வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆனால் கண்ணாடியாலான ஒளியிழையில் அதன் வேகம் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான். ஆகவே ஒவ்வோர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் போக 5, வர 5, ஆக 10 மில்லி வினாடி கழிந்தே தீரும். எந்த நிறுவனமும், எந்தத் திட்டமும் இதைக் குறைக்க முடியாது.

காடாம்புலியூரிலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு உட்பட்டது. ஒளிக்கு இது போக வர 2 மில்லி வினாடிப் பயணம். விளையாட்டின் சர்வர் மும்பையில் இருந்தால், வளைந்து செல்லும் கம்பித் தடம் 1,500 கிலோமீட்டர் என்று கொண்டாலும் 15 மில்லி வினாடி. சிங்கப்பூரில் இருந்தால்? சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் சிங்கப்பூர் வரை கிடக்கும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அத்தகைய ஒன்று 2002-இலேயே போடப்பட்டது. சென்னை வரையுள்ள தரைவழியையும் சேர்த்தால் 34 மில்லி வினாடி. (இந்தக் கடல்வழி புதியதன்று. 1870-71-இலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போட்டிருக்கிறார்கள். அக்காலத்துத் தந்திக்காரர் எவரும் பிங் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்!) நியூயார்க் நகரின் சர்வரோடு விளையாட விரும்பினால், பறவை பறக்கும் நேர்கோட்டில் ஒளியிழை போட்டாலும் 130 மில்லி வினாடிக்குக் குறையாது. உண்மையான தடம் நேர்கோடு அல்லவாதலால் அது 200-ஐத் தாண்டிவிடும்.

2020-இல் வேலோரன்ட் என்னும் விளையாட்டு வெளிவந்தபோது நம் நாட்டு ஆட்டக்காரர்கள் எழுப்பிய பெருங்குரல் இதைப் பற்றியதே. மும்பையில் சர்வர் அமைந்த பிறகு அவர்களுடைய பிங் இறங்கியது. எவரும் அதற்காகத் தம் இணைப்பின் மெகாபிட்டைக் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தொலைவில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பொட்டலம் குறுக்கு வழியில்தான் போகும் என்பதற்கு உறுதி இல்லை. உங்கள் இணைப்பு ஒரு நிறுவனத்துடையது. சர்வர் இருக்கும் கட்டடத்தின் இணைப்பு வேறொரு நிறுவனத்துடையது. இவ்விரண்டும் சென்னையில் கைகோக்காமல் மும்பையில்தான் சந்திக்கின்றன என்றால், கடலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் செய்தி மும்பையைச் சுற்றிக்கொண்டுதான் வரும். ஒரு காலத்தில் இந்தியாவுக்குள்ளேயே பரிமாறும் செய்திகள் அயல்நாடு சென்று திரும்பி வந்ததுண்டு. அதைத் தவிர்ப்பதற்காகவே 2003-இல் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் தொடங்கப்பட்டது.

வழி அறுந்தாலும் இதே கதைதான். 2025 செப்டம்பரில் செங்கடலில், ஜெட்டா நகருக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது இணையம் நின்றுவிடவில்லை; நீண்ட மாற்று வழிகளில் ஓடியது. மத்தியக் கிழக்கு வழியாகச் செல்லும் தொடர்புகளில் தாமதம் கூடும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்போது அறிவித்தது. அன்றும் மெகாபிட்டை அளந்து பார்த்தவர்களில் பலருக்கு எண் பழையபடியே நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் காடாம்புலியூர்த் திண்ணையில் நான் கண்டது வேறு. தொலைவினால் வரும் தாமதம் நாள் முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சென்னைக்கோ மும்பைக்கோ உள்ள தொலைவு இரவு எட்டரை மணிக்கு மட்டும் நீண்டுவிடுமா? காலையில் 38, 40, 41 என்று ஒழுங்காக இருந்த எண், இரவில் 400 ஆயிற்று. இவ்வாறு ஏறி இறங்குமானால், குற்றவாளி தொலைவு அன்று. எங்கோ ஓரிடத்தில் வரிசை நிற்கிறது என்று பொருள்.

வரிசை எத்தகைய தீங்கு செய்யும் என்பதற்கு இணைய வரலாற்றிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே இருந்த தொடர்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு வெறும் 400 கஜம். வினாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த வழியில் 40 பிட்தான் சென்றது! கம்பி அறவில்லை, கருவி பழுதாகவில்லை. பொட்டலங்கள் நெரிசலில் சிக்கின. அனுப்பிய கணினிகள் பதில் வரவில்லையென்று அவற்றையே மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசல் மேலும் முற்றியது. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதை ஆராய்ந்து, வழி நெரிகிறது என்று தெரிந்தால் அனுப்புபவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். அது வந்ததனால் இணையம் பிழைத்தது எனலாம்.

அந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் கதைக்கு அது முக்கியம். வழி நெரிகிறது என்பதை அனுப்புபவர் எப்படி அறிவார்? பொட்டலம் ஒன்று தவறிப்போனால் அறிவார். அதுவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஆனால் நினைவகச் சில்லுகளின் விலை இறங்க இறங்க, ரௌட்டர் செய்பவர்கள் "ஒரு பொட்டலத்தையும் தவறவிடக் கூடாது" என்ற நல்லெண்ணத்தில், காத்திருக்கும் பொட்டலங்களைத் தேக்கி வைக்கும் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். தொட்டி பெரிதானதால் அது வழிய நேரமாகிறது. வழியாதவரை எவரும் வேகத்தைக் குறைப்பதில்லை. ஆகவே தொட்டி எப்போதும் நிரம்பியே நிற்கிறது. புதிதாக வரும் சின்னஞ்சிறு பொட்டலமும் அதன் வாலில்தான் நிற்க வேண்டும். கல்யாண கோஷ்டியின் பத்துப் பேருந்துகளுக்குப் பின்னால் ரயில்வே கேட்டில் நிற்கும் ஆம்புலன்சைப் போல! 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்பவர் தம் வீட்டு இணைப்பிலேயே இந்தக் கோளாற்றைக் கண்டுபிடித்து உலகறியச் செய்தார்.

திண்ணைக்குத் திரும்புவோம். எட்டரை மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று இரண்டு நாள் கவனித்தேன். தங்கையின் கணவர் அப்போதுதான் தோப்பிலிருந்து திரும்புகிறார். பகலெல்லாம் சரக்கின் படங்களையும் வீடியோக்களையும் எடுத்து வைத்திருக்கும் அவருடைய கைப்பேசி, வீட்டு வை-ஃபை கிடைத்தவுடன், கேட்காமல் கொள்ளாமல் அவ்வளவையும் இணையக் கிடங்குக்கு மேலேற்றத் தொடங்கிவிடுகிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது. புதுத் திட்டத்தின் 100 மெகாபிட் என்பது கீழே வரும் வழிக்குத்தான். மேலே செல்லும் வழியைச் சோதித்தபோது 10-ஐத் தாண்டவில்லை. ரௌட்டரின் தொட்டி 512 கிலோபைட் என்று கொண்டால், அதில் ஏறத்தாழ 4.2 மெகாபிட் தேங்கும். வினாடிக்கு 10 மெகாபிட் வீதம் அது காலியாக 420 மில்லி வினாடி ஆகும். பையன் திரையில் சிவந்து நின்ற எண்ணோடு இது எவ்வளவு நெருங்கி வருகிறது, பாருங்கள்!

அந்தத் தானியங்கி மேலேற்றத்தை இரவு பதினொன்றுக்குத் தள்ளி வைத்தோம். எட்டரை மணிப் பிங் 40-க்கு வந்து நின்றது. செலவு, காசு ஒன்றுமில்லை.

இதற்கு முறையான தீர்வும் உண்டு. அதே வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸ் என்ற அம்மையாரும் 2012-இல் ஒரு வழி கண்டார்கள். தொட்டி எவ்வளவு நிரம்பியது என்று பார்க்காமல், பொட்டலம் எவ்வளவு நேரம் காத்தது என்று பார்ப்பது அவர்கள் முறை. காத்திருப்பு 5 மில்லி வினாடிக்கு மேல், தொடர்ந்து 100 மில்லி வினாடி நீடித்தால், ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கீழே போட்டுவிடு. அனுப்புபவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். எவ்வளவு எளிய யோசனை! இந்த முறை லினக்சில் அந்த ஆண்டே சேர்ந்துவிட்டது. ஆயினும் மலிவான வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் இது இன்னும் இல்லை. இருப்பவற்றில் சிலவற்றிலோ அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ரௌட்டர் பெட்டியின் மேல் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் படம் போட்டு விற்கிறார்கள். வரிசையை எப்படி நடத்தும் என்று ஒரு வரி அச்சிட்டால் என்ன?

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பிங் அனுப்பும் வசதி எல்லாக் கணினிகளிலும் உண்டு. கைப்பேசிக்கும் இலவசச் செயலிகள் கிடைக்கும். முதலில் உங்கள் வீட்டு ரௌட்டருக்கே பிங் அனுப்புங்கள். ஐந்து மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும். பிறகு வெளியே உள்ள ஏதேனும் ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே, இன்னொரு கைப்பேசியில் ஒரு பெரிய வீடியோவை மேலேற்றிப் பாருங்கள். எண் குதித்தால் வரிசை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எவரும் எதையும் ஏற்றாதபோதும், மாலையில் மட்டும் குதித்தால் வரிசை இணைப்புக் கொடுப்பவரிடம் இருக்கிறது; அவரிடம் தைரியமாகக் கேட்கலாம். ரௌட்டருக்கு அனுப்பிய பிங்கே தள்ளாடினால் கோளாறு வை-ஃபையில்.

வை-ஃபையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பேசுவதற்கு முன் பிறர் பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் பேசுவது அதன் ஒழுக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகளின் ரௌட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் முண்டுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இரைகிறது. தங்கை வீட்டில் ரௌட்டர் உள்ளறையில், பையன் திண்ணையில். இடையே இரண்டு கனத்த சுவர்கள். ரௌட்டர் பக்கத்தில் 3 மில்லி வினாடி. திண்ணையில் 10-க்கும் 60-க்கும் இடையே ஊசலாட்டம். இந்த ஊசலாட்டத்தை நடுக்கம் என்பார்கள். ஒரே சீரான 80-ஐ விட, 20-க்கும் 120-க்கும் இடையே ஆடும் பிங் ஆட்டக்காரரை அதிகம் வதைக்கும். சீரான தாமதத்திற்குக் கை பழகிவிடும், நடுக்கத்திற்குப் பழகாது.

கம்பி இணைப்பு இல்லாமல் கைப்பேசிக் கோபுரத்தை நம்பி விளையாடுவோரின் கதை இன்னும் சிக்கலானது. கோபுரம் பல நூறு பேருக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியாக நேரத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது. அலை சிதைந்து வந்தால் மறுபடியும் அனுப்பச் சொல்கிறது. நான்காம் தலைமுறையில் அவ்வாறு ஒருமுறை மறுபடி அனுப்ப 8 மில்லி வினாடி செல்லும். பலா இலை தடித்தது, நீர்ச்சத்து மிக்கது. அடர்ந்த தோப்புக்குள் அதிர்வெண் கூடிய அலைகள் அதிகமாக உறிஞ்சப்படுகின்றன. அலைக் குறியீட்டுக் கோடுகள் முழுமையாகத் தெரிந்தாலும், மாலையில் ஊரே ஒரு கோபுரத்தில் தொங்கும்போது பிங் ஏறும். கோடுகள் அலையின் வலிமையைத்தான் காட்டுகின்றன. வரிசையின் நீளத்தைக் காட்டுவதில்லை.

வேறொரு நோயையும் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டில், சார்ஜ் போட்டபடியே விளையாடினால் கைப்பேசி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் விட்டுவிட்டு நகரும். "லேக் ஆகுது" என்று அதற்கும் நெட்டையே திட்டுகிறோம். பிங் எண் அசையாமல் படம் மட்டும் திக்கினால் தேவை மின்விசிறிக் காற்று.

"பிங் குறைக்கும் செயலி" என்றும், "கேம் பூஸ்டர்" என்றும் விற்கப்படுபவை பற்றியும் வாசகர்கள் கேட்பதுண்டு. பின்னணியில் ஓடும் பிற செயலிகளை மூடுவதைத் தவிர இவற்றில் பல வேறொன்றும் செய்வதில்லை. அதை உங்கள் விரலே செய்யும். சுற்றுவழியில் செல்லும் செய்தியை வேறு பாதையில் திருப்பும் கட்டணச் சேவைகள் சில உள்ளன. உங்கள் நிறுவனத்தின் பாதை உண்மையிலேயே கோணலாக இருந்தால் இவை உதவக்கூடும். நேரான பாதையில் செல்வோருக்கு இவை இன்னொரு வளைவைச் சேர்ப்பவையே. பாதை கோணலா நேரா என்பதை அறியாமல் பணம் கட்டச் சொல்வது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதாகும். அதை அறிய வான் ஜேக்கப்சன் 1987-இல் எழுதிய ட்ரேஸ்ரூட் என்னும் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. செய்தி எந்தெந்த ரௌட்டர் வழியாகப் போகிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

விற்பவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. அகலப்பட்டை என்றால் என்ன என்று அரசு வகுத்த இலக்கணத்தையே பாருங்கள். 2013-இல் வினாடிக்கு 512 கிலோபிட் என்றிருந்த வரம்பு, 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று. இரண்டிலும் பேசப்படும் அளவு குறைந்தபட்சப் பதிவிறக்க வேகம் ஒன்றே. மேலேற்றும் வேகத்திற்கு அளவில்லை, தாமதத்திற்கும் அளவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-இல் வகுத்த தர விதிகளில் தாமதத்திற்கு எல்லை இருந்தது உண்மை. பன்னாட்டு வாயில் வரை 120 மில்லி வினாடி. அங்கிருந்து அயல்நாட்டு முனை வரை கம்பி வழியில் 350, செயற்கைக்கோள் வழியில் 800. ஆனால் அந்த அளவு தொடங்கிய இடம் நிறுவனத்தின் நிலையம். உங்கள் வீட்டுத் திண்ணை அன்று. எந்த வழியில் வரிசை நிற்கிறதோ அந்த வழி அளவுக்கு வெளியே போய்விட்டது! 2024-இல் வந்த புதிய விதிமுறைகள் தாமதத்தோடு நடுக்கத்தையும் பொட்டல இழப்பையும் கணக்கில் கொண்டுள்ளன, வரவேற்கத்தக்கது. விளம்பரப் பலகைகளில் அவை இன்னும் ஏறவில்லை.

விளையாட்டோடு போகிற சங்கதியாக மட்டும் இதைக் கருத வேண்டாம். தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடியைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி இடித்துக்கொள்ளத் தொடங்குவார்கள் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கண்ட அளவு. இணைய வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு மாணவியின் பதில் பிந்தி வந்து மற்றொருவர் பேச்சில் கரைவதும் இதே வரிசையினால்தான்.

கடைசி நாள் இரவு. பிங் 40, வீட்டில் எவரும் எதையும் ஏற்றவில்லை, பையன் ரௌட்டர் அருகிலேயே உட்கார்ந்திருந்தான். சுவருக்குப் பின்னால் முழுதாக ஒளிந்த பிறகும் சுடப்பட்டு விழுந்தான். "மாமா, இப்போ யாரைத் திட்டுறது?" என்றான் சிரித்துக்கொண்டே.

நல்ல கேள்வி. சர்வர் உலகத்தைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகப் பார்க்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் நிறுவனச் சர்வர்கள் நெடுங்காலம் வினாடிக்கு 64 முறை பார்த்தன. வேலோரன்ட் 128 முறை பார்க்கிறது. முன்னதில் ஒவ்வொரு பார்வைக்கும் இடையே ஏறத்தாழ 16 மில்லி வினாடி, பின்னதில் 8. உங்கள் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் அதற்கு ஏறத்தாழ 17. இவையெல்லாம் பிங் எண்ணில் சேராதவை. அதோடு, தாமதமுள்ளவர் சுட்டது வீணாகக் கூடாது என்பதற்காக, சுவடுகளைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் சர்வர், அவர் சுட்ட கணத்திற்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, அப்போது குறி அங்கே இருந்ததா என்று பார்த்துத் தீர்ப்பளிக்கிறது. வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் இம்முறையை விரிவாக விளக்கியிருக்கிறார். சுடுபவருக்கு இது நீதி. சுடப்பட்டவருக்கோ, சுவருக்குப் பின்னே வந்து சேர்ந்த பிறகு வந்த குண்டு! எதிரியின் பிங் 180 என்றால், அவர் கண்ட உலகம் பையன் வாழ்ந்த உலகத்திற்குச் சற்றுப் பழையது.

அந்த எதிரியின் பிங் எவ்வளவு என்பதை அறியப் பையனுக்கு வழியில்லை. மேசைக் கணினி விளையாட்டான கவுண்டர்-ஸ்ட்ரைக்கில், ஆடுபவர் அனைவருடைய பிங்கும் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு நேரே தெரியும். பையன் ஆடிய கைப்பேசி விளையாட்டிலோ உங்கள் எண் மட்டும் பச்சையாகவோ சிவப்பாகவோ மூலையில் தெரிகிறது. தோற்றவர் தம் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்த மாதம் பெரிய திட்டத்துக்குத்தான் மாற வேண்டும். நூறு பேர் ஆடும் களத்தில் நூறு எண்களையும் ஆட்டம் முடிந்த பின்னாவது காட்டுவதற்கு, அதைச் செய்தவர்களுக்குச் சில வரி நிரலுக்கு மேல் தேவைப்படாது.